1982 சிட்டேஷன் II வாங்கி சார்ட்டருக்கு விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன், எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு, பம்பு சப்ளை செய்யும் தொழில். மாதத்துக்கு நான்கு தடவையாவது மேற்கு டெக்சாஸில் இருக்கும் மிட்லண்ட் போய்வர வேண்டியிருக்கிறது, காரில் போனால் ஒரு நாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடுகிறது. என்னிடம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் உண்டு, ஒற்றை இன்ஜின் பொனான்சா ஓட்டுகிறேன், ஜெட் ஓட்டியதில்லை.

நானும் என் கூட்டாளியும் ஒரு 1982 செஸ்னா சிட்டேஷன் II ஜெட் பார்த்து வைத்திருக்கிறோம். கேட்கிற விலை 6 லட்சத்து 50 ஆயிரம் டாலர். ஏர்ஃப்ரேம் (இன்ஜின் நீங்கலான விமானத்தின் உடல்) 9,800 மணி. ஓவர்ஹாலுக்குப் (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்ததற்கு) பிறகு இடது இன்ஜின் 2,900 மணி, வலது இன்ஜின் 1,400 மணி ஓடியிருக்கிறது. ஃபேஸ் 5 என்ற பெரிய சோதனைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதிக உயரத்தில் குறைந்த இடைவெளியில் பறப்பதற்கான ஆர்.வி.எஸ்.எம்., விமானம் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. இரண்டும் உண்டு. உள்ளே சீட், கார்பெட் எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், பார்க்கவே அழகாக இருக்கிறது.

விற்பவரின் புரோக்கர் சொல்வது இது: ஏற்கெனவே சார்ட்டர் சர்டிஃபிகேட் (காசு வாங்கி ஆள் ஏற்றிப் பறப்பதற்கான அனுமதி) வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் விமானத்தைச் சேர்த்துவிடுங்கள், வருடம் 300 மணி ஓடும், மணிக்கு 2,800 டாலர் வரும், உங்கள் சொந்தப் பயணம் சும்மா கிடைத்த மாதிரி. இது நடக்குமா? நடக்கும் என்றால் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? இன்னொன்று, கூட்டாளி கேட்கிறார்: சர்டிஃபிகேட் எதுவும் இல்லாமலே தெரிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு செலவுக்குப் பணம் வாங்கினால் என்ன தப்பு என்று.

கேப்டன்_நாஞ்சில்

கூட்டாளியின் கேள்விக்கே முதலில் வருகிறேன், ஏனென்றால் அதில் சமாதானமே கிடையாது. சர்டிஃபிகேட் இல்லாமல் காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது சட்டவிரோத சார்ட்டர். அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. போடும் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், உங்கள் வீடு வரைக்கும் போகும்.

சர்டிஃபிகேட் உள்ள கம்பெனியில் பெயருக்கு மட்டும் சேர்த்துவிட்டு எல்லாவற்றையும் நாமே முடிவு செய்வதும் அதே அளவு ஆபத்து. 2005 பிப்ரவரி 2 அன்று நியூ ஜெர்சி டெட்டர்பரோவில் ஒரு சேலஞ்சர் 600 ஜெட் டேக்-ஆஃப் ஆக முடியாமல் ரன்வேயைத் தாண்டி, நெடுஞ்சாலையையும் கடந்து ஒரு கிடங்கில் போய் மோதியது. எடையின் மையம் முன்பக்க வரம்பைத் தாண்டியிருந்தது, அதனால் மூக்கு எழும்பவில்லை. விசாரணையில் பார்த்தால் அதை ஓட்டிய நிறுவனத்துக்குச் சொந்தமாக சர்டிஃபிகேட் கிடையாது, இன்னொருவருடைய சர்டிஃபிகேட்டின் கீழ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் "இந்த விமானம் இன்று போகலாமா, யார் ஓட்டுவது என்று முடிவு செய்வது யார்" என்பதை எஃப்.ஏ.ஏ. கறாராகக் கேட்க ஆரம்பித்தது. நீங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் சார்ட்டர் பறக்கும் நேரத்தில் விமானம் அந்தக் கம்பெனியுடையது. வியாழக்கிழமை எனக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், ஆனால் மழையில் போயே ஆக வேண்டும் என்று பைலட்டிடம் சொல்ல முடியாது.

சரி, விமானத்துக்கு வருவோம். நான் பதினான்கு வருடமாகச் சார்ட்டரில் இருக்கிறேன், சிட்டேஷன் 500, 550, 560 மூன்றும் ஓட்டியிருக்கிறேன். சிட்டேஷன் II நல்ல விமானம், மனதாரச் சொல்கிறேன். 1977-இல் முதலில் பறந்தது, நேரான இறக்கை, ஒவ்வொன்றும் 2,500 பவுண்டு தள்ளுவிசை தரும் இரண்டு ஜேடி15டி-4 இன்ஜின், சின்ன ரன்வேயில் இறங்கும், பைலட்டை மிரட்டாது. ஒரே டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) 500, 550, 560 எல்லாவற்றுக்கும் செல்லும் என்பதால் பைலட் கிடைப்பதும் ரொம்பக் கஷ்டமில்லை.

ஆனால் 300 மணி என்று புரோக்கர் சொல்வதில் பைலட் பக்கத்துக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது. சார்ட்டருக்கான எஃப்.ஏ.ஏ. விதியான பார்ட் 135-இல் இரண்டு பைலட்டாகப் பறந்தால் 24 மணி நேரத்தில் 10 மணி வரை ஓட்டலாம், அந்த 24 மணிக்குள் தொடர்ச்சியாக 10 மணி ஓய்வு இருந்தாக வேண்டும். ஓய்வு என்றால் முன்கூட்டியே சொல்லப்பட்ட, கம்பெனி ஃபோனை எடுத்தே ஆக வேண்டும் என்ற கடமைகூட இல்லாத ஓய்வு. சார்ட்டர் வாடிக்கையாளரோ இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு நாளைக் காலை ஆறுக்குப் போக வேண்டும் என்பார். ஒரே ஒரு ஜோடி பைலட்டை வைத்துக்கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் தயாராக இருக்கிறோம் என்று சொல்லவே முடியாது. ஒன்று இரண்டாவது ஜோடிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ட்ரிப்பை விட்டுவிட வேண்டும். முதல் வருடம் நீங்கள் நிறைய விட்டுவிடுவீர்கள்.

அப்புறம் ரன்வே. சொந்த உபயோகத்தில் விமானத்தின் கையேட்டுப் புத்தகத்தில் உள்ள இறங்கு தூரம் ரன்வேக்குள் அடங்கினால் போதும். சார்ட்டரில் அப்படியில்லை, ரன்வேயின் 60 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும். அன்றைய எடைக்கு, வெப்பத்துக்குப் புத்தகம் 2,300 அடி என்று காட்டினால், போகிற இடத்தில் 3,834 அடி ரன்வே வேண்டும். மழை என்றால் அதன் மேல் இன்னும் 15 சதவீதம், அதாவது 4,409 அடி. 4,000 அடி ரன்வே உள்ள பண்ணை ஊருக்கு வெயிலில் போய்விடலாம், வரவேண்டிய நேரத்தில் மழை என்று வானிலை சொன்னால் புறப்படவே கூடாது. சில கம்பெனிகளுக்கு 80 சதவீதம் வரை போக அனுமதி உண்டு, அதற்கு அனுபவம் கூடிய பைலட்டுகளும் தனி அனுமதியும் வேண்டும். சின்ன ரன்வேயில் இறங்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து வாடிக்கையாளரைக் கணக்குப் போடாதீர்கள்.

டெக்சாஸ் ஜூலை வெயிலில் முழு எரிபொருளும் ஆறு ஆளும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பென் போய், அங்கே 7,800 அடி உயரத்தில் இருந்து மதியம் திரும்புவதெல்லாம் இந்த இன்ஜினுக்குச் சுமை. ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைத்து நடுவில் இறங்க வேண்டும்.

விச்சிட்டா_ரெஞ்ச்

கேப்டன் சொன்னது பறக்கும் பக்கம். நான் மெக்கானிக், இன்ஸ்பெக்‌ஷன் கையெழுத்துப் போடுபவன், இருபது வருடமாக இந்த வகைதான் பிரித்து மாட்டுகிறேன். உங்கள் பதிவில் எனக்கு முக்கியமான வரி இன்ஜின் மணி உள்ள வரி.

ஜேடி15டி-4-க்கு ஓவர்ஹால் கெடு 3,500 மணி, நடுவில் 1,750-இல் இன்ஜினின் சூடான பகுதியான ஹாட் செக்‌ஷன் பார்க்க வேண்டும். உங்கள் வலது இன்ஜின் 1,400-இல் இருக்கிறது. 350 மணி பறந்ததும் ஹாட் செக்‌ஷன். நீங்கள் சொல்லும் 300 மணி சார்ட்டரோடு உங்கள் மிட்லண்ட் பயணத்தையும் சேர்த்தால் அது முதல் வருடத்துக்குள்ளேயே வந்துவிடும். இடது இன்ஜினுக்கு ஓவர்ஹாலுக்கு மிச்சம் 600 மணி. அது இரண்டாவது வருடம் முடிவதற்குள். நடுவில் எட்டாவது மாதத்தில் ஃபேஸ் 5. ஆக இரண்டு வருடத்துக்குள் மூன்று பெரிய பில். விற்பவர் இப்போது விற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், அதில் தப்பில்லை, ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

சொந்தத்துக்கு ஓட்டுபவர்கள் சிலர் ஓவர்ஹால் கெடுவைத் தாண்டியும் ஓட்டுகிறார்கள். "நல்லா ஓடுது, இன்னும் 500 மணி ஓட்டலாம்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். பார்ட் 135-இல் இன்ஜினுக்கு உற்பத்தியாளர் சொல்லும் பராமரிப்பு முறையைப் பின்பற்றியாக வேண்டும், அல்லது எஃப்.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட வேறு முறை இருக்க வேண்டும். 3,500 வந்தால் இறக்க வேண்டியதுதான்.

மணியை மட்டும் பார்த்தால் போதாது, சைக்கிளும் பார்க்க வேண்டும். உள்ளே சுழலும் டிஸ்க்குகளுக்கு ஆயுள் சைக்கிள் கணக்கில் வரும், ஒரு தடவை கிளம்பி இறங்கினால் ஒரு சைக்கிள். நீண்ட தூரம் பறந்த விமானத்தை வாங்கி நீங்கள் ஹூஸ்டன்–மிட்லண்ட் மாதிரி ஒரு மணி நேரத்துச் சில்லறைப் பயணமாக ஓட்டினால் சைக்கிள் வேகமாகக் கரையும். ஒவ்வொரு டிஸ்க்கும் ஃபேக்டரியை விட்டு வந்த நாளில் இருந்து எந்த இன்ஜினில் எத்தனை சைக்கிள் ஓடியது என்ற காகிதம் விட்டுப்போகாமல் வேண்டும். நடுவில் ஒரு காகிதம் காணாமல் போனால் அந்த டிஸ்க் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குப்பைதான்.

புதிய இன்டீரியர் அழகாக இருக்கிறது என்றீர்களே, அதற்கு எரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். சீட் துணி, நுரை, கார்பெட் ஒவ்வொன்றுக்கும் தீப்பிடித்தால் எவ்வளவு பரவும் என்று சோதித்த காகிதம் வேண்டும். சர்டிஃபிகேட்டில் சேர்க்கும்போது நடக்கும் ஆய்வில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். காகிதம் இல்லாத அழகான சீட்டைப் பிடுங்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே ஆய்வில் விமானத்தை 36 மாதத்துக்குள் எடை போட்டதற்கான பதிவும் கேட்பார்கள்.

ஃபேஸ் 5-இல் தரையைத் தூக்கிப் பார்ப்போம். கால்வெஸ்டன் பக்கம், ஹூஸ்டன் பக்கம் ஹேங்கர் இல்லாமல் வெளியே நின்ற விமானம் என்றால் எனக்கு முதலில் கை போவது டாய்லெட்டுக்குக் கீழேயும் சாப்பாடு, காபி வைக்கும் இடத்துக்குக் (galley) கீழேயும்தான். துரு அங்கேதான் தொடங்கும். நாற்பது வயது தாண்டிய ஏர்ஃப்ரேமுக்கு செஸ்னா தனியாகச் சொல்லியிருக்கும் கூடுதல் அமைப்புச் சோதனைகளும் உண்டு, அவை எதுவரைக்கும் முடிந்திருக்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஹூஸ்டன்வாசி

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. கேப்டன், மெக்கானிக் சார், இருவருக்கும். டிஸ்க் காகிதம் பற்றி யாரும் இதுவரை சொல்லவில்லை. எனக்கு இப்போது பணக் கணக்குதான் புரியவில்லை. 300 மணி, 2,800 டாலர் என்றால் 8 லட்சத்து 40 ஆயிரம் வருகிறதே, அது எங்கே போகும்?

பழைய_லியர்_ஓனர்

நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கே போகும் என்று நான் மாதாமாதம் பில்லில் பார்த்திருக்கிறேன். என்னுடையது லியர்ஜெட் 35, நான்கு வருடம் ஒரு சார்ட்டர் கம்பெனியில் விட்டிருந்தேன். உங்கள் விமானத்துக்கு ஏற்ற மாதிரி, எனக்குத் தெரிந்த இன்னொரு சிட்டேஷன் II ஓனரின் செலவையும் வைத்துப் போடுகிறேன், ஊருக்கு ஊர் மாறும், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

8,40,000-இல் சர்டிஃபிகேட் கம்பெனி 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் 1,26,000 போகும், மிச்சம் 7,14,000. எரிபொருள் மணிக்கு 150 கேலன், கேலன் 6 டாலர் என்றால் மணிக்கு 900, வருடத்துக்கு 2,70,000. மிச்சம் 4,44,000. இரண்டு இன்ஜினுக்கும் சேர்த்து மணிக்கு 250 ஒதுக்கினால் 75,000. ஏர்ஃப்ரேம், டயர், பிரேக், ஏவியானிக்ஸ், சோதனைகள் எல்லாம் சேர்த்து மணிக்கு 500 என்று வைத்தால் 1,50,000, பழைய விமானத்துக்கு இது அதிகமே இல்லை. மிச்சம் 2,19,000. ஒரு கேப்டன், ஒரு துணை பைலட், சலுகைகளோடு 2,30,000. இங்கேயே பதினோராயிரம் கீழே போய்விட்டீர்கள். இதற்குப் பிறகுதான் இன்ஷூரன்ஸ், ஹேங்கர், வருடாந்திர சிமுலேட்டர் பயிற்சி, டேட்டாபேஸ் சந்தா. அது ஒரு லட்சம். வாடிக்கையாளரிடம் வாங்கும் 7.5 சதவீத ஃபெடரல் வரி இதில் இல்லை, அது அரசாங்கத்துடையது. புரோக்கர் சொன்ன 2,800-க்குள் அந்த வரியும் அடக்கம் என்றால் இன்னும் குறையும்.

இன்ஜினுக்கு மணிக்கு 250 ஒதுக்குவது என்பது புதிதாக ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்குச் சரியான கணக்கு. உங்கள் இடது இன்ஜினில் ஓடிப்போன 2,900 மணிக்கு யார் ஒதுக்கினார்கள்? அந்தப் பணம் உங்களிடம் வரவில்லை. 600 மணியில் நீங்கள் ஒதுக்கி வைப்பது ஓவர்ஹால் பில்லின் ஓரத்தைக்கூடத் தொடாது. விலை பேசும்போது இதைத்தான் பேச வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் பெரிய சோதனைக்கு உள்ளே போன விமானம் பதினொரு வாரம் வெளியே வரவில்லை. துரு கண்டுபிடித்தார்கள், அதைச் சரி செய்யும்போது இன்னொன்று, அப்புறம் ஒரு பார்ட் கிடைக்கவில்லை, கிடைத்தது வேறு பார்ட் நம்பர். பதினொரு வாரமும் பைலட் சம்பளம், ஹேங்கர், இன்ஷூரன்ஸ் ஓடியது, வருமானம் பூஜ்யம். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் எந்தத் தொகைக்கு மேல் என்னைக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்று நான் எழுதி வாங்கவில்லை. பில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்த வரியைக் கேட்டு வாங்காதது நான்தான். நீங்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்: இவ்வளவு டாலருக்கு மேல் எழுத்தில் சம்மதம், மாதாமாதம் ஒவ்வொரு பில்லின் நகல், உங்கள் பயணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொன்னால் விமானம் உறுதி.

சார்ட்டருக்கு விடுவதால் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்படியும் விமானம் வைத்திருக்கப் போகிறவருக்கு, எப்படியும் கொடுக்கப் போகும் பைலட் சம்பளம், ஹேங்கர் வாடகையில் ஒரு பங்கை அது தாங்கும். எனக்கும் தாங்கியது. சொந்தப் பயணம் சும்மா என்பது மட்டும் இல்லை.

கேப்டன்_நாஞ்சில்

ஓனர் அண்ணன் கணக்குப் போட்ட 300 மணியே கிடைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். சார்ட்டர் புரோக்கர்கள் முதலில் கேட்பது விமானத்தின் வருடம். 1982 என்றதும் பலர் அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார்கள், அவர்களின் வாடிக்கையாளர்கள் சிலர் இத்தனை வயதுக்கு மேல் வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். சார்ட்டர் கம்பெனிகளைத் தணிக்கை செய்யும் ஆர்கஸ், வைவர்ன் நிறுவனங்களின் தர மதிப்பீடு கேட்பவர்களும் உண்டு, அது பெரும்பாலும் கம்பெனியையும் பைலட்டுகளின் அனுபவத்தையும் பார்ப்பது, எனவே எந்தக் கம்பெனியில் சேர்க்கிறீர்கள் என்பது விமானத்தின் வயதைவிட முக்கியம். சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம் (ஆபத்துகளை முன்கூட்டியே கண்டு குறைக்கும் நிர்வாக முறை) 2027 மே மாதத்துக்குள் எல்லா பார்ட் 135 கம்பெனிக்கும் கட்டாயம், அவர்கள் அதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த விமானத்தின் அதிகபட்ச எடை 12,500 பவுண்டுக்கு மேல் என்பதால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டி.எஸ்.ஏ.வின் பாதுகாப்புத் திட்டத்துக்குள்ளும் வரும், பைலட்டுகளுக்குக் கைரேகைச் சோதனை, பயணிகள் பெயரைப் பட்டியலோடு சரிபார்ப்பது எல்லாம் உண்டு. நல்ல கம்பெனி இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன்–மிட்லண்ட் சுமார் 375 நாட்டிக்கல் மைல். அதில் இந்த ஜெட்டுக்கும் ஒரு கிங் ஏர் 200-க்கும் வித்தியாசம் இருபது, இருபத்தைந்து நிமிடம். உங்கள் வேலை மிட்லண்ட் என்றால் கிங் ஏர் மாதிரி டர்போப்ராப்பையும் (டர்பைன் இன்ஜின் சுழற்றும் விசிறி உள்ள விமானம்) ஒரு தடவை பாருங்கள். நான் ஜெட் ஓட்டிப் பிழைப்பவன், இருந்தாலும் சொல்கிறேன்.

ஹூஸ்டன்வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பதில் சொன்ன எல்லோருக்கும் என்ன ஆனது என்று தெரிய வேண்டும் அல்லவா.

விற்பவர் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு பட்டறையில் சோதனைக்கு விட்டோம். கார்பெட்டுக்கு எரிசோதனைச் சான்று இருந்தது, சீட்டுக்கு இல்லை. டாய்லெட்டுக்குக் கீழே துரு, மெக்கானிக் சார் சொன்ன அதே இடம். வலது இன்ஜினில் ஒரு டிஸ்க்குக்கு நடுவில் ஒரு மாற்றத்தின் காகிதம் இல்லை, விற்பவர் தேடித் தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை. இடது இன்ஜின் ஓவர்ஹால் கணக்கைக் காட்டி விலை குறைக்கக் கேட்டோம், 40 ஆயிரம் குறைத்தார். நாங்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். கூட்டாளிக்கு வருத்தம்தான், அவர் அந்த விமானத்துக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்.

இப்போது 1990களில் வந்த ஒரு சிட்டேஷன் V-ஐயும் ஒரு கிங் ஏர் 200-ஐயும் பார்க்கிறோம். சிட்டேஷன் V-இல் இன்ஜின்கள் மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் (பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவந்தால் இன்ஜின் செலவை ஒப்பந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்) இருக்கின்றன என்கிறார்கள். அது எனக்கு மாறுமா?

விச்சிட்டா_ரெஞ்ச்

தானாக மாறாது, விற்பவர் பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது, ஒப்பந்தக் கம்பெனி எழுத்தில் மாற்றித் தர வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வராமல் முன்பணம் கட்டாதீர்கள். அதோடு ஒப்பந்தம் இன்ஜினுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் தாங்குமா, ஆயுள் முடிந்த டிஸ்க்கும் அடக்கமா, துரு அடக்கமா என்று வரி வரியாகப் பாருங்கள், பல ஒப்பந்தங்களில் துரு அடக்கம் இல்லை. இரண்டு இன்ஜினின் டிஸ்க் பட்டியலையும் ஸ்கேன் செய்து தனிச் செய்தியில் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.